மருமகள் செத்த பாறை

தூங்குகிறவரையும் செத்தவரையும் பிரித்துப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கல்யாணமாகி நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மருமகளாகப் போன புதிதில், ஒரே பகற்பொழுதுக்குள் இந்த விஷயத்தில் நான் தவறினேன். என்னைப் பார்த்து ஒரு தோட்டமே தவறியது.

நான் ஹட்டன் டவுன்காரி. அப்பாவுக்குத் தையல் கடை, கடைக்கு மேலே வீடு. மாடு என்றால் எனக்கு, பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு வழியை மறித்து நிற்கும் ஒன்று. பால் என்றால் கடையில் வாங்குகிற பால்மா. (சூடு தண்ணீரில் கரைத்தால் பால் வந்துவிடுகிறது, இடையில் மாடு எதற்கு என்று சின்ன வயதில் உண்மையாகவே யோசித்திருக்கிறேன்.)

என் கணவர் சிவாவுக்கு நோர்வூட்டில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மாமி, அதாவது என் மாமியார், தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். அவருக்கு நாலைந்து மாடுகள் இருந்தன. கட்டிப்போட்டு வளர்க்கிற மாடுகள் அல்ல. தோட்டத்தின் உச்சியில், தேயிலையைக் கைவிட்டு வெகுகாலமாகிப் புல்லாகிப்போன மலை ஒன்று உண்டு. அதற்கு மேலே பைனஸ் மரக் காடு. கறவை நின்ற மாடுகளையும் சினை மாடுகளையும் அங்கே அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அவை தம் பாட்டில் மேயும், படுக்கும், மழையில் நனையும். வாரம் ஒருமுறை வீட்டிலிருந்து யாராவது ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். நொண்டி நடக்கிறதா, மூக்குக்குள் அட்டை ஏறியிருக்கிறதா, முள் கிழித்த இடத்தில் புழு வைத்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, கொஞ்சம் உப்புக் கொடுத்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வருவது. அதற்கு 'மாடு பாக்கப் போறது' என்று பெயர்.

பேசுவது என்றேன் அல்லவா, மாமி மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார். மாடுகளிடம்தான் பேச்செல்லாம். அதுவும் செவலை என்ற மாட்டோடு. "வாடி, ஏன்டி இப்பிடி எளைச்சிட்ட, கொழுப்பாடி ஒனக்கு" என்று அவர் கொஞ்சுவதை எட்ட நின்று கேட்டிருக்கிறேன். என்னிடம் மட்டும் "சாப்புடுங்க, ஒக்காருங்க, படுங்க" தான்.

"ஒங்க அம்மா என்னையப் பொண்ணு பாக்க வந்த ஆள் மாதிரியே நடத்துறாங்க" என்று சிவாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

"மரியாத கூடுனா ஒனக்கு என்ன கொறச்சல்?" என்றார் அவர்.

குறைச்சல் இருந்தது. மாட்டுக்குக் கிடைத்த 'டி' எனக்குக் கிடைக்கவில்லை. அதை எப்படியாவது சம்பாதித்துவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு வைராக்கியம். அதனால்தான் விடியும் முன்பே எழுந்து, மாமிக்கு முன்னால் அடுப்பு மூட்டி, பகலெல்லாம் தூக்கக் கலக்கத்தோடு கதவு நிலைகளில் முட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்படி ஒரு நாளில் மாமி கானுக்குள், மழைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குள், சறுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டார். கணுக்கால் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. மாமா ஒரு கல்யாணத்துக்காக உடப்புசல்லாவைக்குப் போயிருந்தார். சிவாவுக்கு வேலை. மாடு பார்க்க வேண்டிய முறையோ தவறிப்போயிருந்தது. செவலைக்கு நிறைமாதம் வேறு. மாமி காலை நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போயிட்டு வர்றேன் மாமி" என்றேன்.

"வேணாம்மா. நீங்க பழகாத ஆளு. மேல பனி எறங்கிருச்சின்னா நீட்டுன கை நமக்கே தெரியாது."

"என் கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா மாமி?" என்றேன். (அந்த வயதில் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

 மாமி தன்னுடைய சாம்பல் நிறக் கம்பளியை எடுத்துத் தந்தார். காலுக்குச் சவர்க்காரம் பூசிவிட்டால் அட்டை ஏறாது என்று சொல்லி, அவரே குனிந்து பூசிவிட்டார். ஒரு பையில் உப்புக் கட்டித் தந்தார்.

"மத்ததுங்க இருக்கான்னு பாத்தாப் போதும். செவலைய மட்டும் நல்லாப் பாத்துட்டு வாங்க. அது முகத்தப் பாத்தாலே தெரியும்."

என்ன தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

தேயிலை மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி அக்காதான் முதலில் என்னைக் கண்டார். நல்ல சுடிதார், பொட்டு, குங்குமம், மேலே மாமியின் கம்பளி என்று நான் ஒரு தினுசாகத்தான் இருந்திருப்பேன்.

"எங்க புள்ள, கோயிலுக்கா?"

"மாடு பாக்க அக்கா."

"அதுங்க ஒங்களப் பாத்துட்டு ஓடாம இருந்தாச் சரி" என்றார். கூடைகளோடு சேர்ந்து முதுகுகளெல்லாம் குலுங்கின.

மேலே ஏற ஏறச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கீழேயே தங்கிவிட்டன. முதலில் லயத்து வரிசை வீடுகளின் ரேடியோ. பிறகு பெண்களின் பேச்சு. பிறகு ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன். தேயிலை முடிந்து புல் தொடங்குகிற இடத்தில் என் மூச்சுச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. பனிமூட்டம் பைனஸ் காட்டிலிருந்து இறங்கி வந்தது. வருவது தெரியாமல் வந்தது. எதிரே ஒரு மரம் நின்றது, பிறகு பாதி மரம் நின்றது, பிறகு மரம் நின்ற ஞாபகம்தான் நின்றது. நான் நடக்கிறேனா, மலை என் காலுக்குக் கீழே மெதுவாக நகர்கிறதா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. பயமில்லை. யாரோ என்னைப் பஞ்சில் சுற்றிப் பத்திரமாக வைத்துவிட்டது போல இருந்தது.

எங்கேயோ ஒரு மணிச் சத்தம். சத்தம் வந்த திசையில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். (கை தெரியவில்லை. மாமி சொன்னது சரிதான்.) பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு கொம்பு வந்தது, அப்புறம் ஒரு மூக்கு, அப்புறம் முழு மாடு. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. உப்பு வாசனைக்கு வந்திருந்தன. அவற்றின் நாக்கு உள்ளங்கையில் அரம் மாதிரி உரசியது. மாடுகளோடு என்ன பேசுவது என்று தெரியாததால், "சுகமா இருக்கீங்களா? சாப்பாடெல்லாம் பரவாயில்லையா?" என்று விசாரித்தேன். ஒரு மாடு என் முகத்துக்கு நேரே பெருமூச்சு விட்டது. எனக்கு அப்படி ஒரு பெருமிதம். நான் பிறவியிலேயே மாட்டுக்காரி, ஹட்டனில் தவறிப் பிறந்துவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் செவலை அங்கே இல்லை.

தேடிக்கொண்டே சரிவைச் சுற்றிப் போனேன். சரிவின் நடுவே பெரிய கரும்பாறை ஒன்று உண்டு. நான் அங்கே போன நேரம் பனி ஓர் இடத்தில் கிழிந்து, அந்தத் துண்டு மலைக்கு மட்டும் வெயில் அடித்தது. பாறைக்குக் கீழே, பச்சைப் புல்லின்மேல், வெயிலுக்குள் செவலை கிடந்தது.

ஒருக்களித்து, நாலு காலையும் நீட்டி, கழுத்தைப் பின்னால் எறிந்து, நாக்கு நுனி ஓரத்தில் தொங்கக் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. வயிறு ஊதியிருந்தது. (நிறைமாத மாட்டுக்கு வயிறு வேறெப்படி இருக்கும் என்று இப்போது கேட்கிறேன். அப்போது கேட்க ஆளில்லை.) கழுத்தில் சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. இமையில் ஓர் ஈ உட்கார்ந்து நிதானமாகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"செவல" என்று கூப்பிட்டேன். அசையவில்லை. ஒரு நீளமான குச்சியை எடுத்து, முடிந்தவரை தள்ளி நின்று, காதைத் தொட்டேன். காது பட்டென்று ஒருமுறை ஆடியது. காற்று என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார்கள். கொஞ்ச நாளைக்கு முன்புதான் லயத்து நாய் ஒன்றைப் புலி கொண்டுபோயிருந்தது. கழுத்துச் சிவப்பை மறுபடி பார்த்தேன். எல்லாம் விளங்கிவிட்டது. பாறைமேல் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் வரும். ஏறினேன்.

"செவல செத்துப்போச்சுங்க" என்றேன் சிவாவிடம்.

அந்தப் பக்கம் கடையில் யாரோ ஆணி கொட்டுகிற சத்தம் கேட்டது. "என்ன சொல்ற? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். கழுத்துல ரத்தம். புலியா இருக்கும்."

"அம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"என்னால முடியாதுங்க. நீங்களே சொல்லுங்க."

"சரி, நீ பாற மேலயே இரு. எங்கயும் எறங்காத. நாங்க வர்றோம்."

இதற்குப் பின் கீழே நடந்ததைப் பிற்பாடு பலர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் சொன்னது 'புலியா இருக்கும்'. சிவா தன் அம்மாவுக்குச் சொன்னது 'புலி அடிச்சிருச்சு'. மாமி பக்கத்து வீட்டுக்குக் கத்தியது 'மலையில புலி நிக்கிது, புள்ள தனியா இருக்கு'. அது தேயிலை மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது புலிக்கு ஜோடியும் சேர்ந்துவிட்டது. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா கொழுந்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் எடுத்திருக்கிறார்.

நான் பாறைமேல் உட்கார்ந்து அழுதேன். செவலைக்காக முதலில் அழுதேன். பிறகு அதன் வயிற்றுக்குள் இருந்த கன்றுக்காக. பிறகு மாமியின் முகத்தை நினைத்து. கடைசியில் எனக்காக. இனி ஆயுள் முழுக்க எனக்கு அந்த வீட்டில் 'ங்க'தான் என்று தோன்றியது. பாறைமேல் காற்று குளிராக அடித்ததால், செவலை கண்ணில் படாத பக்கமாக அடிவாரத்தில் இறங்கிப் புல்லில் உட்கார்ந்தேன். புலி வரலாம் என்ற பயம் இருந்தது. ஆனால் அழுது முடித்த உடம்புக்குப் பயப்படவும் தெம்பு வேண்டுமே. வெயில் இதமாக இருந்தது. கம்பளியில் மாமியின் வாசனை இருந்தது, தேயிலைச் சாயமும் அடுப்புப் புகையும் கலந்த வாசனை. கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று சாய்ந்தேன். ஈ வந்தது, கம்பளியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். காலை நேராக நீட்டி, கையைச் சேர்த்து வைத்துக்கொண்டு படுப்பதுதான் என் பழக்கம்.

தூங்கிவிட்டேன்.

அந்த மாதிரித் தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவேயில்லை. கனவில் அந்த மலை முழுவதும் ஒரு மாடாக இருந்தது. அதன் முதுகில் நான் படுத்திருந்தேன். மலை மூச்சு விட்டது. மூச்சு விடும்போதெல்லாம் தேயிலை வரிசைகள் ஏறி இறங்கின. கீழே நோர்வூட் டவுனின் கூரைகள் குட்டிக் குட்டியாகக் குலுங்கின, யாரும் அதைக் கண்டுகொள்ளாமல் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு வெதுவெதுப்பாக மழை பெய்யத் தொடங்கியது. என் கையில் மட்டும் பெய்தது. சொரசொரவென்று பெய்தது.

(அது செவலை. தூக்கம் கலைந்து எழுந்து வந்து, என் கையிலிருந்த உப்பை நக்கிக்கொண்டிருந்தது.)

மழைக்கு நடுவே தூரத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. பல பேர் அழுதார்கள். "என் புள்ள போயிருச்சே, நானே அனுப்பி வச்சேனே" என்ற ஒரு குரல் மட்டும் கிட்டத்தில் கேட்டது. மாமியின் குரல். எனக்குப் பாதி விழிப்பு வந்தது. செவலைக்காக எல்லோரும் வந்து அழுகிறார்கள், வீட்டு மருமகள் நான் அழாமல் படுத்துக்கிடந்தால் நன்றாக இருக்குமா என்று தோன்றியது. கண்ணைத் திறக்கச் சோம்பலாக இருந்ததால், கம்பளிக்குள் இருந்தபடியே, "ஐயோ, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே" என்று ஒப்பாரியில் சேர்ந்துகொண்டேன்.

அழுகை சட்டென்று நின்றது. பிணம் தனக்குத்தானே ஒப்பாரி வைத்தால் யாருக்குத்தான் அழத் தோன்றும்? ஓடுகிற சத்தம் கேட்டது. பரமேஸ்வரி அக்காவின் ஒரு செருப்பைப் பிறகு பைனஸ் காட்டின் ஓரத்தில்தான் கண்டெடுத்தார்கள். கண்டாக்கு ஐயா பாறைமேல் ஏறியிருந்தார், எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை.

மாமி ஓடவில்லை. கம்பளியை இழுத்தார். நான் அவர் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தேன். கூந்தல் அவிழ்ந்து, கன்னமெல்லாம் நனைந்து, சேறு பட்டிருந்தது. என் நெற்றிக் குங்குமம் பனியில் கரைந்து மூக்கு வழியாகக் கழுத்து வரை வழிந்திருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமி முந்தானையால் அதைத் துடைத்தார். துடைத்துவிட்டு, காயம் எங்கே என்று தேடினார். காயம் இல்லை என்றதும் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"அடியே, உசுரோடதான் இருக்கியாடி நீ?"

"நான் இருக்கேன் மாமி. செவலதான்..." என்று கையைக் காட்டினேன். கையோடு சேர்ந்து செவலையின் நாக்கும் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. "இது எப்ப வந்துச்சு?" என்றேன்.

"அது எப்பிடிச் செத்துச்சின்னு மொதல்ல சொல்லுடி."

"படுத்திருந்துச்சு மாமி. காலெல்லாம் நீட்டிக்கிட்டு."

"நீயுந்தான் காலெல்லாம் நீட்டிக்கிட்டுக் கெடந்த."

"கழுத்துல ரத்தம்..."

மாமி செவலையின் கழுத்தில் விரலால் சுரண்டிக் காட்டினார். செம்மண். பிறகு என் முகத்தைத் துடைத்த முந்தானையைப் பார்த்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதடு லேசாகத் துடித்தது, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து வனவிலங்கு அதிகாரி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார். சிங்களவர், வயதானவர், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, "கோ, மெரிச்ச ஹரக்கா?" என்றார். செத்த மாடு எங்கே என்று கேட்கிறார்.  மாமி செவலையைக் காட்டினார். அது என் கம்பளி நுனியை மென்றுகொண்டிருந்தது.

அதிகாரி சுற்றிவந்து பார்த்தார். குனிந்து கண்ணைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார். என்னிடம் வந்து தமிழில் மெதுவாகச் சொன்னார்: "மாடு நல்ல சுகம். நோனா சுகமா?"

நோனா என்றது என்னைத்தான். "சுகம்" என்றேன். பூமி பிளந்து என்னை விழுங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மலை கேட்கவில்லை.

ஓடியவர்கள் ஒவ்வொருவராகப் பனிக்குள்ளிருந்து திரும்பி வந்தார்கள். கொழுந்து நிறுத்தியாகிவிட்டது, உடனே இறங்கிப்போய் என்ன செய்வது என்று பெண்கள் புல்லில் உட்கார்ந்தார்கள். யாரோ ரொட்டியும் சம்பலும் வைத்திருந்தார்கள், யாரோ போத்தலில் தேத்தண்ணி. பனி மறுபடி கிழிந்து, மவுசாக்கலை நீர்த்தேக்கம் ஒரு துண்டுக் கண்ணாடி மாதிரி தூரத்தில் மின்னியது. பிறந்ததிலிருந்து இந்த மலையடியில் இருக்கிறேன், இங்கே ஏறி உட்கார்ந்து ஒரு நாள் தின்றதில்லை என்று பரமேஸ்வரி அக்கா சொன்னார். அதிகாரிக்கும் ஒரு ரொட்டி கொடுத்தார்கள். அவர் மறுக்கவில்லை.

அப்போதுதான் சிவா வந்தார். தோளில் கடையிலிருந்து எடுத்துவந்த புது மம்பட்டி, கையில் செவலைக்குப் போட ஒரு பூமாலை. பிக்னிக் மாதிரி உட்கார்ந்திருந்த கூட்டத்தையும், நடுவில் கறுத்த முகத்தோடு இருந்த என்னையும் பார்த்துவிட்டு, மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நின்றார். செவலை அந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தது. ஒரே வாயில் பாதி மாலையைத் தின்றது.

இறங்கும்போது மாமியின் கால் சுத்தமாக மடங்கிவிட்டது. வாசல்படி தாண்ட முடியாத அந்தக் காலோடுதான் அவர் எல்லோருக்கும் முன்னால் மலை ஏறி வந்திருக்கிறார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, அடிக்கு ஒருதரம் நின்று நின்று இறங்கினார். நிற்கிற இடத்தில் எல்லாம் திட்டினார். "கண்ணு இருக்காடி ஒனக்கு? மூள இருக்காடி? ஒங்க அப்பாவுக்கு நான் என்னடி பதில் சொல்லியிருப்பேன்?" நான் தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு 'டி'யையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டு, முடிந்தவரை மெதுவாக நடந்தேன்.

அடுத்த வாரமே செவலை ஒரு கிடேரிக் கன்று போட்டது. மாமியும் பழைய மாமியாகவில்லை, இன்றுவரை 'டி'தான்.

ஆனால் தோட்டம் அந்த நாளை விடவில்லை. 'எங்க மாடு நிக்கிது' என்று கேட்டால், 'மருமக செத்த பாறைக்கிட்ட' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சிரிப்புக்காகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. வெளியூரிலிருந்து படம் பிடிக்க வருகிற பிள்ளைகள் அந்தப் பெயரைக் கேட்டு முகம் வாடுகிறார்கள். யாரோ போன் வரைபடத்திலும் குறித்துவைத்திருக்கிறார்கள்.

போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து என் மகள் வெளிறிப்போய் வந்தாள். நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தட்டைத் தொடாமல் மாமியின் மடியில் ஏறிக்கொண்டாள்.

"அப்பாயி, மருமக செத்த பாறையில பேய் இருக்காம். ஒரு கொடுமக்கார மாமியார் மருமகள மலைக்கு அனுப்பிட்டாளாம். புலி அடிச்சிருச்சாம். பனி எறங்குனா இன்னும் கம்பளியப் போத்திக்கிட்டு அழுவுதாம்."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருக்குதான். இந்தச் சோத்த ஆக்குனதே அந்தப் பேய்தான்" என்றார். "ஆறுறதுக்குள்ள சாப்புடு."